கேள்வி – பதில்: லேப்டாப் ஏன் கொதிக்கிறது?

கே: நான்கு வருடம் ஆன லேப்டாப். பிரவுசரைத் திறந்தாலே விசிறி இரைகிறது. கீபோர்டின் மேல்வரிசையில் விரல் வைக்க முடியவில்லை. தெர்மல் பேஸ்ட் மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

ப: கொஞ்சம் பொறுங்கள். புராசஸருக்கும் அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகப் பாகமான ஹீட் சிங்க்குக்கும் நடுவே பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கலாம், காற்றுப் பாதை அடைத்திருக்கலாம், அல்லது ஏதோ ஒரு புரோகிராம் புராசஸரை ஓயவிடாமல் விரட்டிக்கொண்டிருக்கலாம். வெளியே தெரியும் அறிகுறி மூன்றுக்கும் ஒன்றுதான். ஆனால் சூடு எந்த இடத்தில் தேங்குகிறது என்பதை மூடியைத் திறக்காமலே கண்டுபிடித்துவிட முடியும்.

முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் உழைப்பது மேலே வந்து நிற்கும். எந்த வேலையும் நடக்காதபோது மொத்தப் பயன்பாடு பத்து சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். அப்டேட்டோ ஆன்டிவைரஸ் ஸ்கேனோ ஓடினால் சற்று நேரத்தில் தானே ஓயும். ஓயாமல் 30, 40 என்று நின்றால் குற்றவாளி அந்தப் பட்டியலின் முதல் வரியில் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரைத் தேட வேண்டாம்.

அங்கே குறை இல்லையென்றால் எச்டபிள்யூஇன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள் ஒன்றில் வெப்பநிலையைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி செல்சியஸ் என்றால் கவலை இல்லை. பிறகு புராசஸரின் எல்லா கோர்களுக்கும் (உள்ளே தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் போன்ற சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, சூடான காற்று வெளியேறும் துளையருகே கையை வையுங்கள். இந்தச் சோதனை சொல்வதை எந்த எண்ணும் தனியாகச் சொல்லாது.

சிப், அதாவது புராசஸர், 95 டிகிரியில் இருக்க, வெளியே வரும் காற்று வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் சூடு சிப்பிலிருந்து ஹீட் சிங்க்குக்கே போய்ச் சேரவில்லை. பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது ஸ்க்ரூ தளர்ந்து தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. சோதனையை நிறுத்தியதும் ஓரிரு நொடியில் 60க்குச் சரிவதும் இதற்கே சாட்சி. காற்று குறைவாக, ஆனால் சுடச்சுட வந்தால், நிறுத்திய பிறகும் எண் மெதுவாகத்தான் இறங்கினால், அது தூசி அடைப்பு. காற்று வேகமாகவும் சூடாகவும் வந்தால் குளிரூட்டும் அமைப்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. வேலைப் பளுதான் அதிகம்.

கே: தூசி என்றால் வெளியிலிருந்தே ஊதிவிட்டால் போதாதா?

ப: போதாது, சில சமயம் கெடுதலும்கூட. விசிறி இழுக்கும் தூசி, ஹீட் சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கு உள்பக்கம் கம்பளித் துண்டுபோலப் படிந்துவிடும். வெளியேறும் துளை வழியாக ஊதினால் அது பிய்ந்து விசிறிக்குள்ளேயே விழும். பின்மூடியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

லேப்டாப்பை முழுவதும் அணைத்து சார்ஜரை உருவுங்கள். மூடி ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று நீளங்களில் இருக்கும். நீளமானதைக் குட்டையின் இடத்தில் முறுக்கினால் மேல்பக்கம் புடைக்கும், சில மாடல்களில் மதர்போர்டிலேயே இறங்கிவிடும். ஆகவே ஒரு காகிதத்தில் லேப்டாப்பின் படம் வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள். ரப்பர் கால்களுக்கு அடியில் ஸ்க்ரூ ஒளிந்திருப்பதும் உண்டு. மூடி வர மறுத்தால் பலத்தைக் காட்டாமல் அதைத் தேடுங்கள். திறந்ததும் முதல் வேலை, பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது.

விசிறியின் இறக்கை சுழலாதபடி விரலாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ பிடித்துக்கொண்டு, அழுத்திய காற்று அடைத்த கேனால் சின்னச் சின்ன ஊதல்களாக ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் விசிறி தன் வேகத்தை மீறிச் சுழன்று பேரிங் கெடும். கேனை நிமிர்த்தியே வைத்திருங்கள். சாய்த்தால் உள்ளிருக்கும் திரவம் பீய்ச்சும். கெட்டியான படலம் ஊதினால் போகாது. விசிறியைக் கழற்றி ட்வீசரால் உரித்து எடுங்கள். வீட்டு வாக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், அதன் முனையில் சேரும் நிலைமின்சாரம் சிப்களுக்கு ஆகாது.

கே: பேஸ்ட்தான் என்று உறுதியானால் நானே பூசலாமா? எவ்வளவு?

ப: கை நிதானமாக இருந்தால் பூசலாம். ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களின் அருகே பெரும்பாலும் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். கழற்றும்போது தலைகீழ் வரிசை, மாட்டும்போது நேர் வரிசை. ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒருபக்கம் மட்டும் அழுத்தினால் சிப்பின் ஓரம் உடையும். லேப்டாப் புராசஸர்களில் மேசைக் கணினியில் இருப்பதுபோன்ற உலோக மூடி கிடையாது, வெறும் சிலிக்கான்தான்.

பழைய பேஸ்ட்டை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பிசிறு விடாத துணியும் கொண்டு இருபக்கமும் துடையுங்கள். மூடி இல்லாத சிப் என்பதால் நடுவில் ஒரு புள்ளி வைப்பதை நம்ப வேண்டாம். மூலைகள்வரை மெல்லிய படலமாகப் பரப்புங்கள். நீர்த்த பேஸ்ட்டைவிடக் கெட்டியான பேஸ்ட் லேப்டாப்புக்கு நல்லது. சூடாகிக் குளிர்ந்து சூடாகும்போது நீர்த்தது மெல்ல ஓரத்துக்கு ஒதுங்கிவிடும்.

பலர் கோட்டைவிடும் இடம், மெமரி சிப்கள்மேல் இருக்கும் தெர்மல் பேட் என்ற, சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை. அது 0.5, 1, 1.5 மில்லிமீட்டர் எனப் பல கனங்களில் வரும். கிழிந்தால் அதே கனத்தில்தான் மாற்ற வேண்டும். தடிமனாக வைத்தால் ஹீட் சிங்க் தூக்கிக்கொண்டு புராசஸரைத் தொடாது. பேஸ்ட் போட்ட பிறகு முன்னைவிட அதிகம் சுடுகிறது என்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம். பேட் இருந்த இடத்தில் பேஸ்ட்டைப் பூசி இடைவெளியை நிரப்ப முடியாது. பேஸ்ட்டுக்குப் பதிலாகப் பூசும் திரவ உலோகமான லிக்விட் மெட்டல் பக்கம் போகாதீர்கள். அதில் இருக்கும் காலியம் அலுமினியத்தை அரிக்கும். மின்சாரத்தைக் கடத்துவதால் ஒரு துளி சிந்தினாலும் போர்டு போய்விடும்.

கே: வீடியோ எடிட் செய்யும்போது 95 டிகிரி காட்டுகிறது. புராசஸர் கருகிவிடுமா?

ப: கருகாது. பெரும்பாலான லேப்டாப் புராசஸர்களின் உச்ச வரம்பு 95 முதல் 105 டிகிரிக்குள் வைக்கப்பட்டிருக்கும். அதைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இழப்பு வேகத்தில்தான். வேலை தொடங்கிய முதல் அரை நிமிடம் 95ஐத் தொட்டுவிட்டு 80களில் நின்றால் அது டர்போவின், அதாவது புராசஸர் வழக்கத்தைவிட வேகமாக ஓடும் வசதியின், இயல்பு.

சூட்டைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் மேக்ஸிமம் புராசஸர் ஸ்டேட்டை 100லிருந்து 99 ஆக்குங்கள். பல லேப்டாப்களில் இந்த ஒரு எண் டர்போவை முழுக்க நிறுத்திவிடும். பத்துப் பதினைந்து டிகிரிகூடக் குறையலாம். எடிட்டிங் மெதுவாகும், டைப் செய்வதில் வித்தியாசம் தெரியாது. சில புதிய மாடல்களில் இந்த வசதி மறைக்கப்பட்டிருக்கும். அங்கே பவர் மோடை பெஸ்ட் பவர் எஃபிஷியன்சிக்கு மாற்றுவதே வழி.

கே: கூலிங் பேட் வாங்கலாமா?

ப: காற்று உள்ளே போகும் துளைகள் அடிப்பக்கம் இருந்தால் சில டிகிரி குறையும். பின்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தாலே அதில் பெரும்பங்கு கிடைத்துவிடும் என்பதால் முதலில் அதைச் செய்யுங்கள். அடியில் துளையே இல்லாத மாடலுக்கு வீண். மெத்தைமேல் வைப்பதை நிறுத்துவது இரண்டையும்விட மேல்.

கே: மூடிப் பைக்குள் வைத்த லேப்டாப், எடுக்கும்போது சுடுகிறது. சார்ஜும் தீர்ந்திருக்கிறது.

ப: அது தூங்கவே இல்லை. புதிய லேப்டாப்களின் ஸ்லீப், போனைப்போல அரைத் தூக்கம். இணையத்தோடு தொடர்பு வைத்துக்கொண்டு அவ்வப்போது விழிக்கும், பைக்குள் காற்றும் இல்லை. பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் ஹைபர்நேட் ஆகும்படி, அதாவது திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு முழுவதும் அணையும்படி, மாற்றிவிடுங்கள்.

கே: டச்பேட் லேசாக மேலே தூக்கியிருக்கிறது. சூட்டில் பிளாஸ்டிக் வளைந்துவிட்டதா?

ப: டச்பேடுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் பேட்டரி. அது உப்பியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடனே அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், தூக்கியதை அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள். உறை கிழிந்தால் தீப்பிடிக்கும். சர்வீஸ் ஆளிடம் கொடுத்து மாற்றுங்கள். புதிய பேட்டரியில், எந்நேரமும் சார்ஜரிலேயே ஓட்டுபவர் என்றால், 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி அமைத்துவிடுங்கள்.

கே: அவசரத்துக்கு ஃபிரிட்ஜில் ஐந்து நிமிடம் வைத்து எடுக்கலாமா?

ப: வேண்டாம். வெளியே எடுத்ததும் குளிர்ந்த மதர்போர்டில் காற்றின் ஈரம் நீராகப் படியும். ஏற்கெனவே அப்படிச் செய்துவிட்டிருந்தால், அறையின் வெப்பநிலைக்கு வந்து ஈரம் முழுதும் காயும்வரை சில மணி நேரம் ஆன் செய்யாமல் விட்டுவிடுங்கள்.