வருடத் திட்டம்: கணித ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தரம் 6 முதல் 9 வரை கணிதம் படிப்பிப்பவர்களுடையவை. வருடத் திட்டத்தோடு தொடர்புடைய ஐந்தை எடுத்துக்கொள்கிறோம்.

*புதிய நியமனம். தரம் 7 இல் இரண்டு வகுப்புகள் தந்திருக்கிறார்கள். வருடத் திட்டம் எழுதித் தரும்படி பகுதித்தலைவர் கேட்கிறார். பாடநூலின் பொருளடக்கத்தைத் தவணைக்கொன்றாக மூன்று துண்டாக்கிக் கொடுத்தால் போதுமா?*
– ஆசிரியை, கொட்டாஞ்சேனை

கோவையில் வைப்பதற்குப் போதும், வகுப்புக்குப் போதாது. தரம் 7 இல் முப்பதுக்குக் கிட்டிய பாடங்கள் இருக்கின்றன. தவணைக்குப் பத்து என்று வெட்டினால் பின்னமும் தெசலாக்கமும் (உருக்களை இடைவெளியின்றிப் பதித்து நிரப்புவது) ஒரே எடையில் வந்து நிற்கும். பின்னத்தில் தடுமாறிய பிள்ளை விகிதத்திலும் சதவீதத்திலும் சேர்த்துத் தடுமாறும். தெசலாக்கத்தில் தடுமாறியதால் அடுத்த வருடம் எதிலும் விழுந்த பிள்ளை இல்லை.

பாடங்களைத் தொடுமுன் பாடவேளைகளை எண்ணுங்கள். தவணை 13 வாரம், வாரத்துக்கு 5 பாடவேளை என்று வைத்தால் கையில் 65. பாடசாலை நாட்காட்டியையும் உங்கள் நேரசூசியையும் பக்கத்தில் வைத்துக் கழித்துக்கொண்டே வாருங்கள். ஜனவரியில் தொடங்கும் தவணை என்றால் தைப்பொங்கல், பெப்ரவரி 4 சுதந்திர தினம், மகா சிவராத்திரி, மாதத்துக்கொரு போயா என வார நாட்களில் விழுபவற்றுக்கு ஏறத்தாழ 5. நேரசூசி இறுதியாகாத முதல் வாரத்தில் 3. இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் அதன் பயிற்சிக்கும் 6. தவணைப் பரீட்சைக்கும் விடைத்தாள் கொடுத்துத் திருத்தம் சொல்வதற்கும் 8. ஆக 22 போய் மிஞ்சுவது 43. அதிலும் 5 பாடவேளையை எந்தப் பாடத்துக்கும் கொடுக்காமல் வையுங்கள். பாடம் எழுத வேண்டியது 38 க்குத்தான்.

அந்த 5 பாடவேளையும் மேலதிகம் அல்ல. கொழும்பில் மே மாதத்திலும், ஒக்டோபர், நவம்பரிலும் பெய்கிற மழைக்கு ஒன்றிரண்டு நாள் போகும். பாடசாலை பரீட்சை நிலையமானால் இன்னும் போகும். நீங்களே லீவு எடுக்க நேரிடலாம். ஐந்தையும் தவணைக் கடைசியில் குவித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். குவித்தது அப்படியே மீட்டலுக்குள் கரைந்துவிடும். இரண்டரை வாரத்துக்கு ஒன்றாகப் பரவி வையுங்கள். அதுவரை பின்தங்கியிருந்தால் அன்று எட்டிப் பிடிக்கலாம், பின்தங்காவிட்டால் ஒரு புதிர்க் கணக்கு போடலாம்.

இரட்டைப் பாடவேளை எந்தக் கிழமையில் வருகிறது என்பதையும் பாருங்கள். அந்த நாள் விடுமுறையானால் ஒரே அடியில் இரண்டு போகும். முஸ்லிம் பாடசாலையில் படிப்பிப்பவர்கள் நோன்பு கால விடுமுறையையும் வெள்ளிக்கிழமையின் குறுகிய நேரத்தையும் சேர்த்து வேறாகக் கணக்கிட வேண்டும்.

இனித்தான் பாடங்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியில் எந்தப் பாடத்துக்கு எத்தனை பாடவேளை என்று தரப்பட்டிருக்கும். அதன் கூட்டுத்தொகை உங்கள் கையிலுள்ளதைவிட அநேகமாகக் கூடவே வரும். அப்போது எல்லாவற்றிலும் ஒவ்வொன்று குறைப்பதுதான் வழமையான தவறு. திசைகொண்ட எண்கள் (+, − குறியோடு வருபவை), பின்னம், தசமம், அட்சரகணிதக் கோவை, சமன்பாடு ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். நீளம், திணிவு, திரவ அளவீடு ஆகிய மூன்றில் குறைக்கலாம். கிலோமீற்றரை மீற்றராக்குவதும் கிலோகிராமைக் கிராமாக்குவதும் லீற்றரை மில்லிலீற்றராக்குவதும் 1000 ஆல் பெருக்குவதே. முதலில் வருவதை முழுமையாகப் படிப்பியுங்கள். மற்ற இரண்டையும் பாதி நேரத்தில் முடிக்கலாம்.

திட்டத் தாளில் வாரம், பாடம், தேர்ச்சி மட்டம், திட்டமிட்ட பாடவேளை என்பவற்றோடு ‘உண்மையில் எடுத்த பாடவேளை’ என்றும் ஒரு நிரல் வரையுங்கள். அடுத்த வருடம் திட்டம் எழுதும்போது வழிகாட்டியைவிட அந்த நிரல்தான் உதவும். இரண்டு வகுப்புக்கும் தனித்தனி நிரல் போடுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் போகா.

*பாடநூல் வரிசையை மாற்றிப் படிப்பிக்கலாமா? தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் வெளியிலிருந்து வருகிறது. அதனால் பயமாக இருக்கிறது.*
– ஆசிரியர், வெள்ளவத்தை

ஒரு தவணைக்குள் மாற்றுவதில் தடையில்லை. தவணை தாண்டி மாற்றுவதானால் வினாத்தாளில் எந்தெந்தப் பாடங்கள் வரும் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சமாந்தர வகுப்பு ஆசிரியரும் உடன்பட வேண்டும். இல்லாவிட்டால் பரீட்சைக்கு முதல் நாள் பிள்ளைகள் கொப்பி மாற்றிப் பார்த்துவிட்டு வந்து உங்களைத்தான் கேட்பார்கள்.

எதை எதன் முன் வைப்பது என்பதற்குச் சில சங்கிலிகளைப் பார்த்தால் போதும். பின்னம், தசமம், விகிதம், சதவீதம் என்ற வரிசையை உடைக்க முடியாது. திசைகொண்ட எண்கள் முடியாமல் சமன்பாட்டுக்குப் போக முடியாது. அளவிடைப் படத்துக்கு விகிதமும் நீளமும் வேண்டும். கனவளவுக்குப் பரப்பளவு வேண்டும். தளவுருக்களை அமைப்பதற்குக் கோணம் அளக்கத் தெரிய வேண்டும். அதோடு கவராயமும் பாகைமானியும் எல்லார் கையிலும் இருக்க வேண்டும். வருடத்தின் முதல் வாரத்தில் அது நடக்காது.

எந்தச் சங்கிலியிலும் மாட்டாத பாடங்களே உங்கள் கையிருப்பு. இருபுடைச் சமச்சீர், தொடைகள் (கணங்கள்), தெசலாக்கம், தரவு வகைகுறித்தல் போன்றவை அப்படிப்பட்டவை. சமச்சீர் பாடநூலில் முதலாவதாக இருப்பது நல்லதே. கொப்பிகூட வாங்காத வாரத்தில் தாள் மடித்து வெட்டினாலே பாடம் நடக்கும். தரவுப் பாடத்தை விளையாட்டுப் போட்டிக் கிழமைக்கு நகர்த்துங்கள். பாதி வகுப்பு மைதானத்தில் நிற்கிற நாளில் பின்னக் கழித்தல் தொடங்கினால் மறுநாள் திரும்பவும் தொடங்க வேண்டும். இல்லங்களின் புள்ளிகளை அட்டவணையாக்கி வரைபு கீறுவதற்கு அன்று வந்திருப்பவர்கள் போதும், தரவும் சூடாகக் கிடைக்கும்.

*தரம் 8 வகுப்பில் 40 பிள்ளைகள். பாதிப் பேருக்குப் பின்னம் கூட்டத் தெரியவில்லை. முதல் இரண்டு கிழமையைப் பின்னத்துக்கே ஒதுக்கலாமா?*
– ஆசிரியை, மருதானை

வேண்டாம். இரண்டு கிழமை என்பது 10 பாடவேளை. தெரிந்த 20 பேரும் சலித்துப்போவார்கள். தெரியாத 20 பேர் ஒன்றரை மாதத்தில் மறந்தும் போவார்கள், ஏனென்றால் குவித்துப் படித்தது குவியலாகவே போகும்.

முதலில் ‘தெரியவில்லை’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். 20 நிமிடத்தில் செய்யக்கூடிய ஆறு கேள்விகள் போதும். 1/3, 1/5 இல் எது பெரியது? 0.35, 0.4 இல் எது பெரியது? எண்கோட்டில் 5/4 ஐக் குறி. 40 இன் 3/5 எவ்வளவு? 2/3 + 1/4 எவ்வளவு? சமனற்ற நான்கு துண்டாகப் பிரித்த ஒரு செவ்வகத்தில் மூன்று நிழற்றப்பட்டிருக்கிறது. அது 3/4 ஆ? புள்ளி போட வேண்டாம், பிழையின் வகையைக் குறியுங்கள். 0.35 பெரியது என்பவர் 35 ஐயும் 4 ஐயும் ஒப்பிட்டிருக்கிறார். 1/5 பெரியது என்பவர் 5 ஐயும் 3 ஐயும். செவ்வகத்தை 3/4 என்பவருக்குச் சமபங்கு என்ற எண்ணமே இன்னும் வரவில்லை. அவருக்குப் பொது மடங்குகளுட் சிறியதைச் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை.

2/3 + 1/4 க்கு 3/7 என்று எழுதுபவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் தனித்தனி முழு எண்களாகக் கூட்டியிருக்கிறார்கள். ‘பிழை, பகுதியைச் சமப்படுத்து’ என்று சொன்னால் ஒரு விதிக்குப் பதில் இன்னொரு விதி, அவ்வளவுதான். 3/7 பாதியைவிடக் குறைவா கூடவா என்று கேளுங்கள். குறைவு. 2/3? பாதியைவிடக் கூட. அப்படியானால் ஒன்றைக் கூட்டிய பிறகு விடை எப்படிக் குறைந்தது? இந்தக் கேள்வியோடு ஒரு நிமிடம் வகுப்பைச் சும்மா விடுங்கள்.

பிறகு தாள் கீலங்கள். 24 சென்ரிமீற்றர் நீளம், 3 சென்ரிமீற்றர் அகலம். 24 ஏனென்றால் 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றாலும் மீதியின்றிப் பிரியும். ஒரு ஏ4 தாளில் நெடுக்காக ஏழு கீலம் கிடைக்கும். 40 பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு என்றால் 12 தாள் போதும், நான்கு மிச்சமும் வரும். ஒன்றை மூன்றாக மடித்து இரண்டு பங்கை வெட்டினால் 16 சென்ரிமீற்றர். மற்றதை நான்காக மடித்து ஒரு பங்கை வெட்டினால் 6. இரண்டையும் ஒட்டினால் 22. முழுக் கீலத்துக்கு 2 சென்ரிமீற்றர் குறைவு, அதாவது பன்னிரண்டில் ஒன்று. ஆகவே 11/12. பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று பிள்ளையே கேட்கும்போது பொது மடங்கைச் சொல்லுங்கள். மூன்றாக மடிப்பதுதான் பிசகும். 8 சென்ரிமீற்றரில் அடிமட்டத்தால் புள்ளி வைத்துவிட்டு மடிக்கச் சொல்லுங்கள்.

இதற்கு மூன்று பாடவேளை. அதன் பின்னர் தவணை முழுவதும் ஒவ்வொரு பாடவேளையும் தொடங்கும்போது ஐந்து நிமிடம், கரும்பலகையில் இரண்டு பின்னக் கேள்வி. ஒன்று ஒப்பிடுவது, ஒன்று செய்கை. வரவு எடுக்கும் நேரத்திலேயே செய்துவிடுவார்கள். 40 பாடவேளை நடந்தால் 200 நிமிடம், அதாவது 40 நிமிடப் பாடவேளை ஐந்து. மூன்றும் ஐந்தும் எட்டு. நீங்கள் கொடுக்க நினைத்ததைவிட இரண்டு குறைவு.

*மகள் தரம் 8. ரியூசனில் பாடம் ஒரு தவணை முன்னாலே போகிறது. பாடசாலையில் ‘தெரிந்ததையே படிப்பிக்கிறார்கள்’ என்கிறாள். பாடசாலையில் பேசி வேகத்தைக் கூட்டச் சொல்லலாமா?*
– தாய், பம்பலப்பிட்டி

பேசவேண்டாம் அம்மா. ரியூசனில் முன்னால் ஓடும்போது பிள்ளை முதலில் சந்திப்பது குறுக்குவழியைத்தான். காரணம் பின்னால் வரும்போது காது கொடுக்க மாட்டாள். வீட்டில் ஒருமுறை பாருங்கள். −3 இலிருந்து 5 ஐக் கழித்தால் என்ன என்று கேளுங்கள். ‘இரண்டு மைனஸ் சேர்ந்தால் பிளஸ், ஆகவே 8’ என்றால் அவளுக்குத் தெரிந்திருப்பது பெருக்கலுக்கான விதி மட்டும். எண்கோடு கீறி −3 இல் நின்று இடப்பக்கம் ஐந்து போய் −8 என்று காட்டுகிறாள் என்றால் பிரச்சினையில்லை, வகுப்பில் பக்கத்தில் இருப்பவருக்கு விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். எப்படியும், பாடசாலைக்கு ஒரு கிழமை பின்னால் வந்து பயிற்சி கொடுக்கிற ரியூசன் வகுப்பு கிடைத்தால் அதற்கு மாற்றுவது நல்லது. அப்படியான வகுப்பு கொழும்பில் அரிது என்பது எங்களுக்கும் தெரியும்.

*சமன்பாட்டுக்கு 6 பாடவேளை ஒதுக்கினேன், 11 போயிற்று. எங்கே பிழை? கொப்பி திருத்தவும் நேரமில்லை.*
– ஆசிரியர், தெமட்டகொடை

பிழை பெரும்பாலும் அந்த ஆறு பாடவேளைக்கு வெளியே இருக்கிறது. அடுத்த தடவை தொடங்கும் முன் 8 + 4 = □ + 5 என்று எழுதிப் பாருங்கள். பெட்டிக்குள் 12 என்றோ 17 என்றோ எழுதும் பிள்ளைக்குச் சமன் குறி என்றால் ‘இனி விடை’. சரியான 7 வருவதற்கு இரு பக்கமும் ஒரே பெறுமதி என்ற எண்ணம் வேண்டும். 7 + 5 = 12 × 2 = 24 என்று ஒரே வரியில் ஓட்டி எழுதுவதை நாமே கரும்பலகையில் பழக்கிவிடுகிறோம். 7 + 5 உம் 24 உம் சமனா? தரம் 6 இலிருந்தே அதை இரண்டு வரியாக எழுதப் பழக்கினால் சமன்பாட்டில் இரண்டு பாடவேளை மிச்சம். முந்தைய மாதத்தின் ஐந்து நிமிடக் கேள்விகளில் பெட்டிக் கணக்குகளைக் கலந்துவிடுங்கள். முதலில் 6 + □ = 15, பின்னர் 2 × □ + 3 = 11, கடைசியாக □ + 9 = 4. மூன்றாவதில் வகுப்பு நின்றால் தடை திசைகொண்ட எண்ணில் இருக்கிறது. சமன்பாட்டைத் தள்ளிவைத்து அதற்கு இரண்டு பாடவேளை கொடுங்கள்.

‘மற்றப் பக்கம் போனால் குறி மாறும்’ என்ற வாசகத்தைத் தரம் 7 இல் தவிர்த்துவிடுங்கள். 2 × □ = 8 இல் 2 ஐ மற்றப் பக்கம் கொண்டுபோய் −2 ஆக்கி, 8 இலிருந்து கழித்து 6 என்று எழுதுபவர்கள் அந்த வாசகத்தை ஒழுங்காகப் பின்பற்றியவர்கள்தான்.

கொப்பிக் கணக்கு எளிது. 40 கொப்பி, ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 80 நிமிடம், இரண்டு ஓய்வுப் பாடவேளை. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். நாளுக்கு எட்டு எடுத்தால் கிழமையில் ஒரு சுற்று முடியும். இடையில் வகுப்பு முடிவதற்கு நான்கு நிமிடம் இருக்கும்போது ஏ4 தாளின் கால் துண்டில் ஒரே ஒரு கேள்வி செய்வித்து வாங்குங்கள். சரி, கணிப்புப் பிழை, விளங்கவில்லை என்று மூன்று அடுக்காகப் பிரிக்கப் பத்து நிமிடம் போகும். மூன்றாவது அடுக்கில் ஐந்து பேர் என்றால் மறுநாள் அவர்களை முன்வாங்கில் இருத்தி மற்றவர்கள் பயிற்சி செய்யும்போது பாருங்கள். பதினைந்து பேர் என்றால் அந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். முதல் பதிலில் ஒதுக்கிவைக்கச் சொன்ன 5 பாடவேளையில் ஒன்று அதற்குத்தான்.