நின்றால் வெறும் காற்று, ஓடினால் குளிர்ச்சி: முதலில் ஃபேனைப் பாருங்கள்

கார் ஓடும்போது ஏசி நன்றாகக் குளிர்கிறது, சிக்னலில் நின்றால் கொஞ்ச நேரத்தில் வெறும் காற்றுதான் வருகிறது, மெக்கானிக் ஏசி கேஸ் (குளிரூட்டும் வாயு) நிரப்பச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். கேஸ் நன்றாகக் குறைந்திருந்தால் ஓடும்போதும் குளிர்ச்சி மந்தமாகத்தான் இருக்கும்.

ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர்தான் உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே விடுகிறது. ஓடும்போது எதிர்க்காற்றே அதை ஆற்றிவிடும். நின்றுவிட்டால் ரேடியேட்டர் பக்கத்தில் இருக்கும் ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழுக் குளிரில் வைத்து, பானெட்டைத் திறந்து பாருங்கள். ஃபேன் சில நிமிடங்களுக்குள் சுற்ற வேண்டும். கையை மட்டும் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள், திடீரென்று சுற்றும். சுற்றவே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபியூஸ் மட்டும் போயிருந்தால் செலவு மிகக் குறைவுதான்! சோம்பலாகச் சுற்றினால் மோட்டார் தேய்ந்திருக்கலாம்.

ஃபேன் சரியென்றால், கண்டென்சர் இடுக்குகளில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கிறதா பாருங்கள். எஞ்சின் ஆறியபின் மெதுவாக நீர் விட்டுக் கழுவினால் போதும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும், நான் ஒருமுறை அப்படிக் கெடுத்திருக்கிறேன்.

இதற்குப் பிறகும் சரியாகவில்லையென்றால் கேஜ் (அழுத்தமானி) வைத்து கேஸின் அழுத்தம் பார்க்கலாம். அப்போது கேஸ் குறைவு என்று தெரிந்தால், எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்காமல் நிரப்ப விடாதீர்கள்.