லிங்க்குக்குள் இரண்டு கொழும்பு

கேள்வி: வெள்ளவத்தையில் இருந்துகொண்டு ஒரு சிறிய வேலைவாய்ப்பு அறிவித்தல் தளம் நடத்துகிறேன். ஆட்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் லிங்க்கைப் போட்டால், எங்கள் சேர்வரே அந்தப் பக்கத்துக்குப் போய்த் தலைப்பை எடுத்துவரும். ஒரே அறிவித்தல் மூன்று, நான்கு தடவை பட்டியலில் வந்ததால் எல்லா லிங்க்கையும் சிற்றெழுத்தாக்கி, கடைசிச் சாய்கோட்டையும் வெட்டினேன். இப்போது சில லிங்க்குகள் திறக்கவே மாட்டேன் என்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: கொழும்பு 6 என்று எழுதினாலும், கொழும்பு 06 என்று எழுதினாலும், வெறுமனே வெள்ளவத்தை என்று எழுதினாலும் தபால்காரர் உங்கள் பகுதிக்குத்தான் வருவார். ஆனால் 12ஏ என்ற வீட்டிலக்கத்தை 12 என்று சுருக்கினால் கடிதம் வேறு வீட்டுக்குப் போய்விடும். நீங்கள் வெட்டியது வீட்டிலக்கத்தை.

லிங்க்கை ஒரே சரமாக நினைத்துத் தேய்க்கக்கூடாது. முதலில் பிரிக்க வேண்டும். 2005 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 3986 என்ற இணையத் தர ஆவணம் இதற்கு விதி சொல்கிறது. முன்னால் இருக்கும் எச்டிடிபிஎஸ் பகுதியும் டொமைன் பெயரும் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்று பார்ப்பதில்லை. அவற்றைத் தாராளமாகச் சிற்றெழுத்தாக்கலாம். அதற்குப் பின்னால் வரும் பாதை அப்படியல்ல. யூடியூப் காணொளியின் 11 எழுத்து அடையாளத்தில் ஒரு எழுத்தின் அளவு மாறினாலே அது வேறு காணொளி, அல்லது காணொளியே இல்லை. கடைசிச் சாய்கோடும் அப்படித்தான்: பல தளங்களில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று, சில தளங்களில் இரண்டும் வேறு. விதிப்படி அவை இரண்டு முகவரிகள்.

எச்டிடிபிஎஸ் லிங்க்கில் :443 என்றோ, எச்டிடிபி லிங்க்கில் :80 என்றோ போர்ட் எண் (சேர்வரின் வாசல் எண்) இருந்தால் நீக்கிவிடுங்கள், அவை எப்படியும் இயல்பான எண்கள்தான். # குறிக்குப் பின்னால் உள்ளது சேர்வருக்கே போவதில்லை. ஆனால் சில புதுப்பாணித் தளங்கள் பக்கத்தின் பெயரையே அதற்குள் வைத்திருக்கும், ஆகவே கண்ணை மூடிக்கொண்டு வெட்ட வேண்டாம். யுடிஎம் என்று தொடங்கும் விளம்பரக் குறிகளையும் பேஸ்புக் ஒட்டிவிடும் நீண்ட வாலையும் எறிந்துவிடலாம். உங்கள் இரட்டிப்பில் பெரும்பகுதி இவற்றால்தான் வருகிறது என்பது என் ஊகம்.

தமிழ் லிங்க்குகளில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. இதை ஆங்கில வழிகாட்டிகள் அனேகமாகத் தொடுவதே இல்லை. ‘கொழும்பு’ என்ற சொல்லையே எடுங்கள். முதல் எழுத்தான ‘கொ’வை, கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடுவது மற்றது. திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்றுதான். லிங்க்கில் சதவீதக் குறிகளாக (%E0 என்பதுபோல) விரியும்போது முதலாவது 72 எழுத்து, இரண்டாவது 81 எழுத்து. கணினிக்கு அவை இரண்டு ஊர்கள்.

இந்த வேறுபாட்டைக் களைய யுனிகோட் வைத்திருக்கும் முறைக்கு என்எஃப்சி என்று பெயர். உடைந்த கொம்பையும் காலையும் அது ஒன்றாக்கிவிடும். .இலங்கை என்று முடிவதுபோன்ற தமிழ் டொமைன்களில் பிரவுசர் இதைத் தானே செய்துகொள்கிறது. பாதையில் அது செய்வதில்லை. ஆகவே ஒப்பிடும்போது மட்டும் என்எஃப்சி செய்யுங்கள். திறப்பதற்கு வந்த லிங்க்கையே கொடுங்கள், ஏனென்றால் மறுபக்கச் சேர்வர் உடைந்த எழுத்திலேயே கோப்பைச் சேமித்திருக்கலாம். ‘கௌரி’யை ளகரம் போட்டுக் ‘கெளரி’ என்று தட்டுகிறவர்களை மட்டும் எந்த முறையாலும் திருத்த முடியாது!

சரி, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் சேர்வர் தானே போய்ப் பக்கத்தை எடுத்துவருகிறது என்றீர்களே, அங்கேதான் எனக்குப் பயம்: வெளியாருக்குத் தெரியக்கூடாத உள் பக்கங்களையே அது எடுக்கும்படி யாராவது லிங்க் அனுப்பலாம். 127.0.0.1 என்ற ஐபி முகவரி (கணினியின் எண் முகவரி) என்றால் அந்தச் சேர்வரே. யாராவது அதை அனுப்பினால் தடுத்துவிடலாம் என்று நினைப்பீர்கள். ஆனால் 2130706433 என்ற ஒற்றை எண்ணும் அதே முகவரிதான். 127.1 என்பதும், 0177.0.0.1 என்பதும் அதுவே. முன்னால் பூச்சியம் வந்தால் பிரவுசர்கள் அதை எட்டின் அடிமான எண்ணாக வாசிக்கும். சில மென்பொருள் நூலகங்கள் பூச்சியத்தைச் சும்மா தள்ளிவிடும். ஆகவே 010.0.0.1 ஓரிடத்தில் 8.0.0.1, இன்னோரிடத்தில் 10.0.0.1. பைதன் என்ற நிரல்மொழியின் ஐபி முகவரி நூலகத்திலேயே இந்தக் குழப்பம் 2021இல் பாதுகாப்புக் குறையாகப் பதிவானது. 3.9.5 பதிப்பிலிருந்து முன்பூச்சியம் உள்ள முகவரியை அது ஏற்பதே இல்லை.

@ குறியையும் கவனியுங்கள். டொமைன் இருக்கும் இடத்தில் ஒரு வங்கியின் பெயர் முதலில் வந்து, அதன்பின் @ வந்தால், அந்த வங்கிப் பெயர் வெறும் பயனர் பெயர். லிங்க் போய்ச் சேருவது @க்குப் பின்னால் உள்ள இடத்துக்கு. அதனால் எழுத்தைப் பார்த்துத் தடுப்பதை விடுங்கள். டொமைன் பெயருக்குரிய ஐபி முகவரியைக் கண்டுபிடித்து, கடைசியில் எந்த ஐபி முகவரியுடன் இணையப் போகிறீர்களோ அதைச் சோதித்து, உள்வலை முகவரி என்றால் மறுத்துவிடுங்கள். ஒரு பக்கம் இன்னொன்றுக்குத் திருப்பிவிட்டால் அங்கேயும் இதே சோதனை வேண்டும்.

லிங்க்கைப் பிரிக்கும் வேலைக்கு ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் யுஆர்எல் வகுப்பு (URL class) போதும். டொமைனைச் சிற்றெழுத்தாக்குவது, இயல்பு போர்ட்டை நீக்குவது, அந்த விசித்திர எண்களை நேராக்குவது எல்லாம் அதிலேயே நடக்கும். பைதனின் பிரிப்பான் பிரித்துத்தான் தரும், மிச்சம் உங்கள் பாடு. எதுவானாலும் சோதிக்கவும் பக்கத்தை எடுக்கவும் ஒரே பிரிப்பானைப் பயன்படுத்துங்கள்.

அட்டவணையில் இரண்டு நிரல் (column) வைத்துக்கொள்ளுங்கள்: வந்தபடியே அசல் லிங்க், ஒப்பிடுவதற்கு மட்டும் சீராக்கிய வடிவம். எப்படியும் பக்கத்தை எடுக்கிறீர்கள், அதன் தலைப்பகுதியில் தளம் தானே ‘இதுதான் என் மூல முகவரி’ என்று குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஒப்பிடுவதற்கு அதுவே நல்லது.

ஏற்கெனவே சிற்றெழுத்தாக்கிச் சேமித்தவற்றை அட்டவணையிலிருந்து மீட்க வழி கிடையாது. வட்ஸ்அப் குழுவில் மேலே போய் அசலைத் தேடி எடுங்கள். காலாவதியான வேலைகளைத் தேடி மினக்கெட வேண்டாம்.