குளத்துச் சேற்றில் அல்லியின் கிழங்கு மூச்சுத் திணறாமல் இருப்பது எப்படி?

நீர் தேங்கிய சேற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை என்பதால், அதில் புதைந்திருக்கும் அல்லிக் கிழங்கு அழுகிப் போகாமல் இருப்பது ஏன் என்ற உங்கள் கேள்வி நியாயமானதே. அதற்கு வேண்டிய காற்று மேலேயிருந்துதான் வருகிறது. நிலத்துச் செடிகள் பலவற்றில் இலைத்துளைகள் அடிப்பக்கத்தில் மிகுந்திருக்க, மிதக்கும் இலைகளில் அவை மேற்பரப்பில் அமைந்துள்ளன. அங்கிருந்து காம்பின் வழியே கிழங்குவரை காற்றறைகள் தொடர்கின்றன. காம்பைக் குறுக்கே வெட்டினால் அந்தக் காற்றறைகளைக் கண்ணாலேயே காணலாம்.

அல்லிக் குடும்பத்தின் மஞ்சள் பூச்செடி ஒன்றைப் பற்றி 1980-இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானதொன்றைக் காட்டியது: வெயிலில் சூடேறும் இளம் இலைகளுக்குள் அழுத்தம் கூடுவதால், உள்ளே புகுந்த காற்று கிழங்குக்குத் தள்ளப்பட்டு, துளைகள் அகன்ற முதிய இலைகளின் வழியே வெளியேறுகிறது. இதயம் இல்லாத செடிக்குள் இப்படியொரு காற்றோட்டம்! சேற்றில் உருவாகும் மீத்தேனும் அதே வழியில் வெளியே போய்விடுகிறது.

கரையோரச் சம்பிலும் இத்தகைய ஓட்டம் உண்டு. முழுதும் மூழ்கி வாழும் வேலம்பாசிக்கோ இலைத்துளைகளே தேவைப்படுவதில்லை. நீரில் கரைந்த வாயுக்களை அதன் மெல்லிய இலைகள் நேரடியாக ஈர்த்துக்கொள்கின்றன.