ஸ்டென்ட் செலவு: அம்பாசமுத்திரத்து அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைக்க இரண்டரை லட்சம் கேட்கிறார்கள், டாக்டருக்கு அதில் பங்கு இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். அந்த டாக்டரை எனக்குத் தெரியாது. ஆனால் நம்ம பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் செய்த வேலைக்குத்தான் காசு, நோயாளி தேறினாரா என்பதற்கு இல்லை. அமெரிக்காவில் 2012 முதல், மாரடைப்பு நோயாளிகள் 30 நாளுக்குள் அதிகமாகத் திரும்பி வந்து படுத்தால், அந்த ஆஸ்பத்திரிக்கு மெடிகேர் (முக்கியமாக முதியவர்களுக்கான அரசுக் காப்பீடு) பணத்தைக் குறைக்கிறது. (இங்கே அப்படி ஒரு விதி வந்தால், திரும்பி வருகிறவரைச் சேர்க்கவே மாட்டார்களோ என்று எனக்கு ஒரு பயம்.)

சரி, உங்கள் விஷயம். ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசு 2017-லேயே உச்சவரம்பு வைத்துவிட்டது. பில்லில் அதன் விலை, கம்பெனிப் பெயர், பேட்ச் எண் தனியாக வரவேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். ஸ்டென்ட் விலை போக மீதி எதற்கு என்பதையும் கேளுங்கள், கூடுவது அங்கேதான்.

குடும்ப வருமானம் வருஷம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீடு கிடைக்கும். அதில் சிகிச்சைத் தொகை முன்பே முடிவானது, இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது.

அப்புறம், ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்ப் படம்) பதிந்த சிடி தட்டை வாங்கிப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி இதயப் பிரிவில் காட்டி, ஸ்டென்ட் தேவைதானா என்று கேளுங்கள். என் மாமாவுக்கு மாத்திரையே போதும் என்றார்கள். அப்பாவுக்கு இப்போதே நெஞ்சுவலி இருந்தால் மட்டும் இந்த அலைச்சல் வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.