கங்காஜலும் கைதட்டலும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

போன வாரம் அறை நண்பர்களுடன் 'கங்காஜல்' பார்த்தேன். பிரகாஷ் ஜா இயக்கி அஜய் தேவ்கன் நடித்து 2003 இல் வந்த ஹிந்திப் படம். ஊழலில் ஊறிய பீகார் நகரம் ஒன்றுக்கு மாற்றலாகி வரும் எஸ்.பி.யின் கதை. ஸ்டேஷனில் இரண்டு ரவுடிகளின் கண்ணில் போலீசார் ஆசிட் ஊற்றும் இடத்தில் அறையே கைதட்டியது. நானும் தட்டினேன். வேலை செய்யும் இடத்தில் விசாரித்தால், பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடித்தது அந்தக் காட்சிதான். கோர்ட்டுக்குத்தான் கொண்டுபோவேன் என்று எஸ்.பி. நிற்பது படத்தின் பலவீனம் என்றார் ஒருவர். பீகார் மாதிரி ஊருக்கு இதுதான் சரி என்று எனக்கும் தோன்றுகிறது. இப்படிப்பட்ட படங்கள் ரசிகனைக் கெடுக்கின்றனவா? தமிழில் ஏன் இவ்வளவு துணிச்சலான போலீஸ் படங்கள் இல்லை?

எஸ்.,
ஓசூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் பீகாரின் பாகல்பூர் கண்பறிப்பு வழக்கின் தீர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பார்த்த படத்தின் வேர் அந்த வழக்கில் இருக்கிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நீங்கள் கைதட்டியதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பைக் தொலைந்துபோனால், புகார் கொடுத்ததற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கவே நாலு நடை நடக்க வேண்டியிருக்கிறது. எதிராளி பணத்தைத் தள்ளிவிட்டான் என்பதால் தன் புகார் மேசையிலேயே கிடப்பதைப் பார்த்தவன், திரையிலாவது ஒரு அதிகாரி நிமிர்ந்து நின்றால் தட்டத்தான் செய்வான். அவன் பட்ட அவமானம் அந்தக் கைதட்டலில் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் 'பீகார் மாதிரி ஊருக்கு' என்றீர்களே, அதை மதிக்க முடியாது. படித்த பிள்ளை எழுதுகிற வரியா இது? 2019 டிசம்பரில் ஹைதராபாத்துக்கு வெளியே, பாலியல் கொலை வழக்கில் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது அங்கே பூ தூவியவர்கள் பீகாரிகளா? சாகட்டும் என்றே சுட்டிருக்கிறார்கள் என்று உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022 இல் சொன்னது. அதைப் பெரிதாக யாரும் பேசவில்லை. 2020 ஜூனில் ஒரு தகப்பனும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்த சாத்தான்குளம் எந்த மாநிலத்தில் இருக்கிறது? இனிமேல் இப்படி எழுதாதீர்கள்.

தமிழில் ஏன் இல்லை என்கிறீர்கள். 2011 இல் ஹிந்தியில் வசூலை அள்ளிய 'சிங்கம்', அதற்கு முந்தைய வருடம் ஹரி இங்கே எடுத்த படம்தான். தூத்துக்குடி வட்டாரத்து எஸ்.ஐ. ஒருவரின் கதை. சாத்தான்குளமும் அதே மாவட்டம். அந்தச் சாவுகளுக்குப் பிறகு ஹரியே, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுகிறேன் என்று அறிக்கை விட்டார். இந்தக் கேள்விக்கு அதுவே போதும்.

படம் ரசிகனைக் கெடுக்கிறதா என்பதை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என்னை அரிப்பது வேறு. ஊழலைப் பற்றிய இந்தப் படங்களில் லஞ்சம் வாங்கும் ஏட்டு இருப்பார், மந்திரி இருப்பார், அடியாள் இருப்பான். மாஜிஸ்திரேட் மட்டும் இருக்க மாட்டார். இருந்தால் கதை நின்றுவிடும். கைது செய்த 24 மணி நேரத்துக்குள் நடுவர், அதாவது மாஜிஸ்திரேட், முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22 ஆவது பிரிவு சொல்கிறது. ஆசிட் பட்ட கண்ணோடு ஒருவன் அங்கே போய் நின்றால் என்ன ஆகும் என்று எந்தத் திரைக்கதையும் யோசிப்பதில்லை.

பாகல்பூரில் அது நிஜமாகவே நடந்தது. 1979–80 இல் அங்கே 31 பேரின் கண்களைப் போலீசார் குத்தி ஆசிட் ஊற்றினார்கள். சாக்குத் தைக்கும் ஊசியால் குத்தியதாகப் பதிவாகியிருக்கிறது. அந்த ஆசிட்டுக்குத்தான் கங்காஜல் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1980 நவம்பரில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' அதை வெளியே கொண்டுவந்தது. சம்பந்தப்பட்ட போலீசாரை சஸ்பெண்ட் செய்ததும், அவர்களுக்கு ஆதரவாக ஊர் மக்கள் ஊர்வலம் போனார்கள். உங்கள் அறையின் கைதட்டல் அங்கே முன்பே கேட்டுவிட்டது.

உச்சநீதிமன்றத்தில் நீதிபதி பகவதி எழுதியதில் என்னைத் தூங்கவிடாத இடம் இது: இந்தக் கைதிகளை முதன்முதலில் நிறுத்தியபோது, கண்ணில் எப்படிக் காயம் பட்டது என்று நடுவர்கள் கேட்கவேயில்லை. கண்ணே இல்லாத ஒருவன் எதிரே நிற்கிறான். காவலில் வைக்கச் சொல்லும் ரிமாண்ட் தாளில் கையெழுத்து விழுகிறது. அடுத்த ஆள். வக்கீல் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்றார்கள். கேட்கலாம் என்று அவர்களுக்கு யார் சொன்னது? பணம் இல்லை என்று பீகார் அரசு சொன்ன சாக்கையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. முதல்முறை நிறுத்தும்போதே இலவச வக்கீல் உண்டு என்று நடுவர் சொல்லியாக வேண்டும் என்பது காத்ரி வழக்கு என்று சொல்லப்படும் இந்தப் பாகல்பூர் வழக்கில்தான் வந்தது. பணம் கை மாறினால்தான் ஊழலா எஸ்.? நிமிர்ந்து பார்க்காமல் போடுகிற அந்தக் கையெழுத்துக்கு என்ன பெயர்?

என் அப்பா ஒரு சின்ன ஊரில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். ராத்திரி ரிமாண்ட் என்றால் மாஜிஸ்திரேட் ஐயா வீட்டுக்கே வரச் சொல்லி ஆள் வரும். டார்ச் பிடித்துக்கொண்டு நானும் போவேன். ஒருநாள் பம்ப்செட் மோட்டார் திருடியதாக ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். போலீஸ் மேல் புகார் உண்டா என்று கேட்டதற்கு, பக்கத்தில் நின்ற ஏட்டைப் பார்த்துவிட்டு "இல்லீங்க சாமி" என்றான். மாஜிஸ்திரேட் விடவில்லை. போலீசாரை கேட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார். சாப்பிட்டியா என்று கேட்டார். பிறகு, அந்தத் துளசி மாடம் வரைக்கும் நடந்து போயிட்டு வா என்றார். பையனால் குதிகாலை ஊன்ற முடியவில்லை. விரல் நுனியில் நாலடி வைத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பாதத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னபோது நானும் பார்த்தேன். கன்றிக் கறுத்து, வீங்கிப் பளபளவென்று இருந்தது. அவர் சொல்லச் சொல்ல அப்பா எழுதினார். அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப உத்தரவு. எல்லாம் பத்து நிமிஷம்தான். மறுநாளிலிருந்து ஸ்டேஷன்காரர்கள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த அதிகாரி சண்டை போடவில்லை, வசனம் பேசவில்லை. நடந்து காட்டு என்றார், அவ்வளவுதான். இதை எந்த ரசிகனும் விசிலடித்துப் பார்க்க மாட்டான் என்று சினிமாக்காரர்கள் சொல்வார்கள். நான் நம்பவில்லை. காட்டிப் பார்த்தால்தானே தெரியும்? 'சிங்கம்' ஹிந்திப் படத்தின் கிளைமாக்ஸில் போலீஸ் படையே திரண்டு வில்லனை முடிப்பதைச் சொல்லி, நீதி கிடைத்துவிட்டதா என்று பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் 2023 இல் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மக்கள் கோர்ட்டைவிட்டு ஏன் துப்பாக்கியிடம் போனார்கள் என்பதில், பாகல்பூர் மாதிரியான கையெழுத்துகளுக்கும் பங்கு உண்டு என்பேன்.

உங்கள் நண்பர் பலவீனம் என்று சொன்னதுதான் 'கங்காஜல்' படத்திலேயே உருப்படியான விஷயம். பிரகாஷ் ஜாவும் அதைக் கடைசிவரை கொண்டுபோகவில்லை. எஸ்.பி. அவ்வளவு போராடியும், வில்லன்கள் கோர்ட் வாசலை மிதிக்காமலே செத்துப்போகிறார்கள்.

ஓசூரிலும் நீதித்துறை நடுவர் நீதிமன்றம் இருக்கிறது. பொதுவாக யார் வேண்டுமானாலும் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். விடுப்பு கிடைக்கும் நாளில் கைதட்டிய நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ரிமாண்டுக்கு ஆள் கொண்டுவரும்போது நடுவர் தலை நிமிர்ந்து பார்க்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.