பதினோரு எம்பியில் தவழும் பேக்கப்

கேள்வி: சார், எங்கள் ஃபைல் சர்வரில் 600 ஜிபி இருக்கிறது. வாரக் கடைசியில் ஓடும் ஃபுல் பேக்கப் முன்பெல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு மாதமாக 15 மணி நேரம் ஆகிறது. பேக்கப் சாஃப்ட்வேர்காரர் “நெட்வொர்க்கைப் பாருங்கள்” என்கிறார். நெட்வொர்க் பார்ப்பவரோ பிங் (எதிர் மெஷினுக்குச் சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) அடித்துக் காட்டி, “ஒரு மில்லிசெகண்டுகூட ஆகவில்லை, லைன் சுத்தம்” என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டு நான் முழிக்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் எழுதிய கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. 600 ஜிபியை 15 மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். நொடிக்கு 11 எம்பி சொச்சம் வரும். இந்தப் பதினொன்றை நான் பல இடங்களில் சந்தித்திருக்கிறேன். லைன் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், 8 மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி. ஒரு கிகாபிட் (1000 மெகாபிட்) லைனில் பாக்கெட் தலைப்புகளுக்குப் போவது போக, நொடிக்கு 117 எம்பி வரை டேட்டா போகும். 100 மெகாபிட் லைனில் அதில் பத்தில் ஒரு பங்குதான், 11.7. உங்கள் கணக்கு அதன் காலடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வழியில் எங்கோ ஒரு லிங்க் 100க்கு இறங்கியிருக்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

பிங்கை நம்பாதீர்கள். அது அனுப்புவது நொடிக்கு ஒரு துண்டுச் சீட்டு. சந்துக்குள் சைக்கிள் போகிறது, அதனால் லாரியும் போகும் என்று சொல்வதுபோல இருக்கிறது உங்கள் நண்பர் வாதம்.

லினக்ஸ் என்றால் எத்டூல் கட்டளை கொடுங்கள். விண்டோஸ் என்றால் நெட்வொர்க் அடாப்டரின் ஸ்டேட்டஸ் பெட்டியில் ஸ்பீடு என்ன என்று பாருங்கள். கிளையன்ட் (பேக்கப் எடுக்கப்படும் மெஷின், உங்களுக்கு ஃபைல் சர்வர்), பேக்கப் சர்வர், நடுவில் இருக்கும் ஸ்விட்ச் போர்ட்டுகள் என ஒன்றையும் விடாதீர்கள். கிகாபிட்டுக்குக் கேபிளில் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு கம்பி அறுந்தால் பல கார்டுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி வேலையைத் தொடரும். எந்த எச்சரிக்கையும் வராது. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ரேக் கதவு இடுக்கில் கேபிள் நசுங்கிக் கிடந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் புது சர்வருக்கான கொட்டேஷன் மேசைக்கே வந்துவிட்டது! கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருந்ததால் தப்பித்தோம்.

இன்னொரு வியாதியும் உண்டு. யாரோ ஸ்விட்ச் போர்ட்டை மட்டும் கையால் “100 ஃபுல் டூப்ளெக்ஸ்” (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்வது) என்று பூட்டியிருப்பார்கள், கார்டு ஆட்டோவில் இருக்கும். எதிர்முனை பேச மறுப்பதால் கார்டு ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசும் முறைக்கு, போய்விடும். இரண்டும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும், வேகம் பதினொன்றுக்கும் கீழே விழும், போர்ட்டில் சிஆர்சி பிழைகள் (சிதைந்து வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போகும். பிங் அப்போதும் சிரித்த முகமாகப் பதில் சொல்லும்.

லிங்க்கெல்லாம் 1000 என்று காட்டினால்தான் அடுத்த வேலை. ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவியை இரண்டு பக்கமும் போடுங்கள். பேக்கப் சர்வரில் மைனஸ் எஸ் கொடுத்து ஓட விடுங்கள். ஃபயர்வாலில் 5201 போர்ட்டைத் திறக்க மறக்காதீர்கள். கிளையன்ட்டில் மைனஸ் சி கொடுத்து சர்வரின் ஐபி, பிறகு மைனஸ் டி (-t) 60. வழக்கமான 10 நொடி எனக்குப் போதாது. ஒரு நிமிடம் ஓடினால்தான் நடுவில் தடுமாறுகிறதா என்று தெரியும். இந்தக் கருவி டிஸ்க்கைத் தொடாது, மெமரியிலிருந்து மெமரிக்கு அனுப்பும். 940 மெகாபிட் அருகே வந்தால் உங்கள் நெட்வொர்க்காரர் சொன்னதே சரி. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு டிஸ்க் பக்கம் திரும்புங்கள்.

டிஸ்க் படிக்கும் வேகத்தை அளக்க லினக்ஸில் டார் (ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டும் கட்டளை) கொண்டு எல்லா ஃபைலையும் டெவ் நல்லுக்கு (வருவதையெல்லாம் தூக்கி எறியும் குப்பைத் தொட்டி) அனுப்புவார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் க்னூ டார், போய்ச் சேரும் இடம் டெவ் நல் என்று தெரிந்தால் ஃபைலின் உள்ளடக்கத்தைப் படிக்கவே படிக்காது, பெயர்களை மட்டும் புரட்டிவிட்டு முடித்துவிடும். 600 ஜிபி சில நிமிடத்தில் முடிந்ததைப் பார்த்து நானும் ஒருமுறை மகிழ்ந்து போயிருக்கிறேன். நடுவில் பைப் போட்டு, கேட் (cat) கட்டளை வழியாக டெவ் நல்லுக்கு அனுப்புங்கள், உண்மை தெரியும். சின்னச் சின்ன ஃபைல்கள் லட்சக்கணக்கில் இருந்தால் நெட்வொர்க் எவ்வளவு அகலமாக இருந்தாலும் பயன் இல்லை. ஒவ்வொன்றையும் திறந்து மூடுவதிலேயே நேரம் போய்விடும்.

கேள்வி: எங்கள் கிளை அலுவலகத்துக்கும் பேக்கப் சர்வருக்கும் இடையே 100 மெகாபிட் லைன். பிங் 50 மில்லிசெகண்ட். பேக்கப் மட்டும் 10 மெகாபிட்டைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. லைன் கொடுப்பவரை மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஐபெர்ஃப்3-ஐ முதலில் சாதாரணமாகவும், பிறகு மைனஸ் பெரிய பி 8 (-P 8) கொடுத்து எட்டு இழைகளாகவும், அதாவது ஒரே நேரத்தில் எட்டு இணைப்புகளாகவும், ஓட்டுங்கள். ஒற்றை இழையே 90ஐ எட்டினால் லைனும் சிஸ்டமும் நலம், கோளாறு பேக்கப் சாஃப்ட்வேர் செட்டிங்கில். ஒன்றுக்கு 10, எட்டுக்கு 80 என்று வந்தால் அப்போதும் லைன் நிரபராதி, சிஸ்டமே டிசிபி விண்டோவை (ஒப்புதல் வருவதற்குள் ஒரே மூச்சில் அனுப்பக்கூடிய டேட்டா அளவு) சிறிதாக வைத்திருக்கிறது. 64 கேபி அனுப்பிவிட்டு எதிர்முனையின் ஒப்புதலுக்காக 50 மில்லிசெகண்ட் காத்திருந்தால் நொடிக்கு 20 தடவைதான் அனுப்ப முடியும். 64 கேபி 20 தடவை என்றால் ஏறக்குறைய 1.3 எம்பி, அதாவது நீங்கள் சொன்ன அதே 10 மெகாபிட். கிணறு நிறையத் தண்ணீர் இருக்கிறது, வாளிதான் சின்னது.

ஒற்றை இழையே 90ஐ எட்டியிருந்தால், பேக்கப் சாஃப்ட்வேரில் நெட்வொர்க் பஃபர் (டேட்டாவைத் தற்காலிகமாகத் தேக்கும் இடம்) அளவை யாராவது பழைய காலத்தில் கையால் எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். லினக்ஸில் ஒரு புரோகிராம் தானே பெறும் பஃபரை நிர்ணயித்துவிட்டால், கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) அந்த இணைப்புக்கு விண்டோவைத் தானாகப் பெரிதாக்குவதை விட்டுவிடும். அந்த வரியை நீக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

கேள்வி: பேக்கப் வேகமாகப் போகிறது, ரீஸ்டோர் மட்டும் ஊர்கிறது. இதையும் நெட்வொர்க் டெஸ்டில் பிடிக்க முடியுமா?

பதில்: ஐபெர்ஃப்3-ஐ மைனஸ் பெரிய ஆர் (-R) போட்டு ஓட்டுங்கள். டேட்டா சர்வரிலிருந்து கிளையன்ட்டுக்குத் திரும்பி வரும். இரு திசையும் சமம் என்றால் சர்வரின் சேமிப்புப் பக்கம் பாருங்கள். டீடூப் செய்து (ஒரே மாதிரித் துண்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு) சேமித்த துண்டுகளை டிஸ்க்கின் பல மூலைகளிலிருந்து பொறுக்கி எடுக்க நேரம் பிடிக்கும்.

கேள்வி: டெஸ்டை எந்த நேரத்தில் ஓட்டுவது?

பதில்: பேக்கப் ஓடும் நேரத்தில். பகல் 11 மணிக்கு ஒரே கிளையன்ட்டை வைத்துப் பார்த்தால் 117 எம்பி வரும், சந்தோஷமாக இருக்கும். இரவு 20 கிளையன்ட்டுகள் சர்வரின் ஒரே கிகாபிட் போர்ட்டில் முட்டும்போது தலைக்கு 6 எம்பிகூட வராது. பகலில் ஓட்டியே ஆக வேண்டுமென்றால் மைனஸ் பி (-b) கொடுத்து வேகத்துக்கு வரம்பு வையுங்கள். இது ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தான சின்ன b, மேலே எட்டு இழைக்குச் சொன்ன பெரிய P அல்ல. வரம்பு வைக்காமல் விட்டால் லைன் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும், அலுவலகம் முழுக்க உங்கள் பெயர்தான் உருளும்.